தீண்டாக் குழாய்

புழுதிப்புயல் எழுந்த அன்று செவ்வாய்க் குடியிருப்பின் நான்காம் காப்பறையில் இருந்தவர்கள் இருவர்: பண்டகசாலைத் தலைவர் மகுடபதி, குழாய்களைப் பழுதுபார்க்கும் எஸ்தர். வேறு எவரும் இல்லை.

புயல் எழுந்தால் அருகிலுள்ள காப்பறைக்குள் ஓடுவதும், கதவு தானே பூட்டிக்கொண்டு ஐந்து நாள் திறக்காதிருப்பதும் அங்கே மழைக்கு ஒதுங்குவது போன்ற சங்கதி. யாரும் அஞ்சுவதில்லை. உணவு வில்லைகள் உண்டு. சுவரில் தீண்டாக் குழாயும் உண்டு.

குழாயின் வாய் மார்பு உயரத்தில், கை மட்டுமே நுழையும் ஒரு சிறு மாடத்துக்குள் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது இடைவிடாமல் அனுப்பும். மாடத்தில் கை நுழைந்தால் கதிர் தோலில் பட்டுத் திரும்பும். உணரி அதைக் கண்டதும் சுவருக்குள் புதைந்த மின்காந்த அடைப்பான் திறக்கும். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பதால் துணிக்கும் தட்டுக்கும் அது இரங்காது. உயிருள்ள தோல் வேண்டும்.

மகுடபதியின் கைகள் இரண்டும் செயற்கை. சுரங்க விபத்துக்குப் பின் பொருத்திய கருங்கரிமக் கைகள். வீட்டில் மகன் கை நீட்டுவான். அந்தக் கையில் வழிந்து தம்ளரில் விழும் நீரை அவர் குடிப்பார். இங்கே மகன் இல்லை.

"உங்க கை அதுக்குத் தெரியவே தெரியாதுங்க ஐயா. கருப்பு, வர்ற கதிரையெல்லாம் முழுங்கிடுது," என்றாள் எஸ்தர். "தம்ளரக் குடுங்க, நான் புடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்."

"ஏனுங்க?"

பூமியில் இருவருக்கும் பூர்வீகம் ஒரே ஊர். அவர் பாட்டனாரின் கிணற்றில் எஸ்தர் வீட்டு வாளி இறங்கியதில்லை. அவர்கள் கைபட்ட நீரை அக்குடும்பத்தில் எவரும் அருந்தியதில்லை. இருபது கோடி கிலோமீட்டர் தள்ளி வந்த பின்னும், அந்த முறை தன் காலத்தில் தவறக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இரண்டாம் நாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எஸ்தர் மீண்டும் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு விளங்கியது, சிரிப்பும் வந்தது.

"எங்க சனம் கையேந்தி நிக்குமாம். உங்க வீட்டுல மேல இருந்தே ஊத்துவாங்களாம், சொம்பு கையில படாம. தொடாம தண்ணி ஊத்தற குழாய உங்காளுங்கதானுங்க மொதல்ல கண்டுபுடிச்சது!"

மூன்றாம் நாள் அவள் சிரிக்கவில்லை.

"கும்புட்டுக் கேக்கறனுங்க. ஒரே ஒரு வாய். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"குடிச்சது எனக்குத் தெரியுமே," என்றார் மகுடபதி. அதன்பின் அவர் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கதவு திறந்தது. முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார், உயிர் இல்லை. எஸ்தர் பிடித்து வைத்த தம்ளரில் நீர் விளிம்பு வரை இருந்தது.

சாகும் தறுவாயில் அவர் எஸ்தர் கையால் நீர் குடித்துவிட்டார் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவர் குடிக்கவில்லை.