பிடியில் எண்ணெய்

அவள் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டிய வெட்டுக்கத்தி, மறுநாள் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது. பிடி அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அப்படி வைக்கிறவர் ஒருவர்தான். அவரைப் புதைத்துப் பதினொரு நாள் ஆகிறது.

மின்கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவது அவள் கணவரின் வேலை. வெட்டுவது அவர், துடைப்பது அவள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பங்கு. வேலை முடிந்து வந்ததும் கத்தியைக் கல்லில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அவள் மண்ணெண்ணெய்த் துணியால் பிசினைக் கரைப்பாள். துருப்பொட்டை உப்புத்தாளால் தேய்ப்பாள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, அலகுக்கும் மரப்பிடிக்கும் எண்ணெய் பூசுவாள். பிடியில் மரம் குடித்தது போக மிச்ச எண்ணெயை உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

"என் பொண்டாட்டி துடைச்சது, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். அவள் துடைத்ததை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அவர் சாவதற்கு முந்தின நாள் ஒன்றுமில்லாத சண்டை. அவளுடைய பல்வலிக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு வந்து நின்றார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பிடியில் எண்ணெயை ஊற்றினாள். ஒற்றவில்லை. கை பிசுபிசுத்தால்தான் என் அருமை தெரியும் என்று நினைத்து அப்படியே மாட்டினாள். மறுநாள் பத்தொன்பதாவது கம்பத்தடியில் கத்தி வழுக்கி அவர் தொடையில் இறங்கியது. மழை ஈரம் என்றார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள்.

இப்போது அலகில் பச்சைப் பிசின், இன்னும் காயாமல். பிடியைத் தொட்டாள். விரல் வழுக்கியது.

"கத்தியை எடுத்தியா?" என்று மகளைக் கேட்டாள்.

"நான் ஏம்மா அதைத் தொடப்போறேன்? தூக்கிப் போட்டுரும்மா." உள்ளே போகப் போனவள் திரும்பி, "மழையிலதானேம்மா வழுக்குச்சு?" என்றாள்.

"ஆமா" என்றாள் அம்மா. வாய் கசந்தது.

துடைத்து மாட்டினாள். அடுத்த சாயங்காலமும் கத்தி கல்லில் கிடந்தது. அதற்கடுத்த நாளும். சாம்பல் போட்டுத் தேய்த்தாள், பழைய சேலையைக் கிழித்துக் கிழித்து ஒற்றினாள். ஒற்ற ஒற்ற மரத்துக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்தது. வீட்டுக்குப் பின்னால் போகிற மின்கம்பிப் பாதையில் நடந்து பார்த்தபோது, பதினெட்டாவது கம்பத்தடியில் புதிதாக வெட்டிய கிளைகள் கிடந்தன. மறுநாள் பதினொன்றாவதில். பிறகு நான்காவதில். முதல் கம்பம் அவர்கள் வேலியை ஒட்டித்தான் நிற்கிறது.

இன்று கத்தி ஆணியிலும் இல்லை, கல்லிலும் இல்லை. விளக்கு வைக்கும் நேரம். நறுக்கிய பச்சை இலையின் வாசனை காற்றில் வந்தது, அதற்கடியில் லேசாக மண்ணெண்ணெய், அதற்கும் அடியில் அவர் சட்டையின் வியர்வை, இன்னும் துவைக்க மனம் வராமல் கொடியில் அவள் விட்டுவைத்திருக்கிற அந்தச் சட்டையின் வாசனை.

சத்தம் கேட்டது.

இரண்டு வெட்டு. ஒரு மூச்சு. இரண்டு வெட்டு. அவர் கைப்பழக்கம்.

வேலிச்செடி ஆடியது. ஒரு கிளை விழுந்தது. இன்னொன்று.

ஓடத் தோன்றியது. அதைவிட, பார்க்க வேண்டும் என்றிருந்தது. பாழாய்ப்போன மனசு. ஒரே ஒரு தரம்.

வேலி திறந்தது. கத்தி கல்லில் வந்து உட்கார்ந்தது. பிடி அவள் பக்கம்.

"நான்தாங்க," என்றாள். "மழை இல்லைங்க. நான்தான் ஒத்தி எடுக்கலை. கோவத்துல வேணும்னே விட்டுட்டேன்."

அவர் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகம் இருட்டில் இருந்தது. இடது தொடையிலிருந்து கீழே துணி கறுத்து ஒட்டியிருந்தது. வலது கையை மட்டும் மெல்ல நீட்டி, அவளுக்குக் காட்டுகிற மாதிரி விரித்தார்.

உள்ளங்கை முழுக்க எண்ணெய்.

முந்தானையை எடுத்து அந்தக் கையைப் பிடித்தாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. ஒற்றினாள். ரேகைகளில் மறுபடி ஊறியது. ஒற்றினாள்.

"இருட்டுல என்னம்மா பண்றே?" உள்ளேயிருந்து மகள்.

"துடைச்சிட்டிருக்கேன்."

முந்தானை நனைந்து கனத்தது. முழங்கை வழியாக வழிந்து கல்லில் சொட்டியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் திருப்பிக்கூடப் பார்க்காதவர், இப்போது குனிந்து, அவள் சரியாகத் துடைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.