திருத்தாத சொல்

சொல்வளையைத் தலையில் மாட்டிய அரைமணி நேரத்திலேயே ஆவுடைச்செல்வி தன் கணவனின் அக்காவிடம், "எதுக்கு மதினி இப்ப வந்தீய? உங்களப் பாத்தாலே எனக்கு அசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது அவள் வாயல்ல. வாயில் நாக்கே பாதிதான் மிச்சமிருந்தது. மீதியைப் புற்றோடு சேர்த்து வெட்டியெடுத்து, இடது முன்கையிலிருந்து எடுத்த சதையை அந்த இடத்தில் வைத்துத் தைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பேசியது சொல்வளை. நெற்றியைச் சுற்றிய மெல்லிய பட்டை அது. நாக்கை அசைக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையை வழியிலேயே படித்து, தோளில் குத்தியிருந்த பொத்தான் அளவு ஒலிபெருக்கியில் அவளுடைய குரலிலேயே பேசும். நாக்கு அறுவை செய்துகொண்ட எல்லோருக்கும் இப்போது அரசாங்கமே இலவசமாகத் தருகிறது.

நல்ல கருவிதான். ஆனால் செய்தவர்கள், பேச்சு தாமதமாகிவிடக் கூடாதென்று, மூளையில் எழும் முதல் சொல்லையே பிடிக்கும்படி அதை அமைத்துவிட்டார்கள். முதலில் எழுவது ஒரு சொல், அதைத் தடவிக்கொடுத்துத் திருத்தி வெளியே அனுப்புவது வேறொரு சொல் என்பது அந்தப் பொறியாளர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு நாத்தனார்கள் இல்லை போலும்.

மதினி கொண்டுவந்த சாத்துக்குடிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆவுடையின் கணவன் சுடலைமணிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இருபத்து நாலு வருடத்தில் அவள் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசி அவன் கேட்டதில்லை. திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள் அவள். யார் எந்தச் சேலையைத் தோளில் போட்டாலும் "உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்பாள். தன்னைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: பரவாயில்லை. உடைந்த பல் நாக்கை உரசிப் புண்ணாக்கிய எட்டு மாதமும் அதையேதான் சொன்னாள். பாதி நாக்கைத் தின்றது புற்று என்றாலும், அதற்கு இலை போட்டுப் பரிமாறியது அந்தச் சொல்தான்.

மூன்றாம் நாள் மதியம் பயிற்சி மருத்துவர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆவுடை வழக்கம்போல எழுதுபலகையை எடுத்து, "பரவாயில்லை" என்று அழகாக எழுதிக் காட்டினாள். அதற்குள் தோளிலிருந்து அவள் குரல் வந்துவிட்டது.

"வாய்க்குள்ள இறுக்குது. நேத்து மாதிரி இல்ல. என்னமோ சரியில்ல."

ஆவுடை பதறிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். மருத்துவர் திரையைப் பார்த்தார். ஒட்டிய சதைக்குள் வைத்திருந்த ஒட்டுக்காவலி பச்சையாகவே எரிந்தது. பட்டாணி அளவுள்ள அந்தக் கருவி, சதைக்குள் இரத்தம் போகிறதா என்று மட்டும் பார்க்கும். போன இரத்தம் வெளியே வருகிறதா என்பது அதன் வேலையல்ல. கருவியும் சரி என்கிறது, நோயாளியும் சரி என்று எழுதுகிறாள். இந்த வளைதான் உளறுகிறது என்று நினைத்து, அதைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சுடலைமணி நகரவில்லை. அவனுக்குக் கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பரவாயில்லை என்ற சொல்லை எட்டு மாதம் நம்பி ஏமாந்தவன் என்ற அனுபவம் மட்டும்தான் இருந்தது. நேராக அறுவை மருத்துவர் ஜெசிந்தாவின் அறைக்கே போய், "டாக்டரம்மா, அவ எழுதுறத நம்பாதீங்க. வளை சொல்லுறதக் கேளுங்க" என்றான்.

ஜெசிந்தா வந்து விளக்கடித்துப் பார்த்தார். புது நாக்கு கொஞ்சம் உப்பியிருந்தது, நிறம் லேசாக நீலம் தட்டியிருந்தது. ஊசி முனையால் தொட்டார். நிதானமாகச் சிவப்பாக வரவேண்டிய இரத்தம், தொட்ட உடனே கறுப்பாகப் பொங்கி வந்தது. வெளியே போகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, உடனே திறந்து எடுத்தால் காப்பாற்றலாம், பொழுது சாயும்வரை விட்டால் புது நாக்கை வெட்டிப் போடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, அறுவை அரங்கைத் தயார்செய்யச் சொன்னார்.

தள்ளுகட்டிலில் போகும்போது ஆவுடை சிரிக்க முயன்றாள். வளை அவளுக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு. கைய விடாதீய."

சுடலைமணி கதவுவரை கையை விடவில்லை. கதவு மூடியபிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். பயத்தில் பாதி அழுதான். அவள் தன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டாளே என்ற சந்தோஷத்தில் மீதியை அழுதான்.

மூன்று மணி நேரம் கழித்து ஜெசிந்தா வெளியே வந்தார். உறைந்ததை எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு துண்டு இரத்தக்குழாயை எடுத்து இணைத்திருந்தார்கள். நாக்கு ரோஜா நிறத்துக்குத் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்டில் நோயாளிகள் பலகையில் எழுதுவதை யாரும் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

பிறகு வந்த மாதங்கள் மெதுவாகத்தான் போயின. மூக்குக் குழாயிலிருந்து கஞ்சிக்கு, கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு. நடுவே கதிர்வீச்சு. கண்ணாடி முன் உட்கார்ந்து 'ட', 'ல' என்று அவள் தினமும் போராடினாள். 'ழ' மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. இங்கே முழு நாக்கு உள்ளவர்களிலேயே பலருக்கு அது வராது என்று சொல்லிச் சிரித்துவிட்டார் பேச்சுப் பயிற்சியாளர். வாய் பேசத் தொடங்கியதும் வளைக்கு வேலை குறைந்தது. மனதில் எழுந்ததையே வாயும் சொன்னால் அது சும்மா இருந்துவிடும். மாற்றிச் சொன்னால் மட்டும் குறுக்கே பேசும்.

பேச்சு இன்னும் தெளியாததால் ஏழாம் மாதம் வளையோடேயே கடைக்குப் போனாள். முதல் நாள் ஒரு கல்யாண வீட்டுக்காரி ஆரஞ்சுப் பட்டுச் சேலையை மகள் தோளில் போட்டுப் பார்த்தாள். ஆவுடையின் வாய், "எடுப்பா இருக்கும்மா" என்று கொழகொழத்தது. வளை, "வேண்டாம்மா, பிள்ள முகம் சோந்து தெரியுது" என்றது. கடை முதலாளி சங்கரபாண்டியன் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். ஆனால் அந்த அம்மாள் கோபப்படாமல், அப்படியென்றால் எது பொருந்தும் என்று கேட்டாள். ஒன்றுக்கு ஐந்தாக எடுத்துக்கொண்டு போனாள்.

ஆவணி முகூர்த்தத்துக்குள் ஆவுடை நிற்கும் இடத்தில் மட்டும் கூட்டம் நெருக்கித் தள்ளியது. முதலாளி வியாபாரி, சும்மா இருப்பாரா? பன்னிரண்டு வளைகள் வரவழைத்து, ஒரு திங்கட்கிழமை காலை கடையின் மற்ற எல்லாப் பெண்கள் தலையிலும் மாட்டச் செய்தார். வரிசையாக நிற்கவைத்துப் பார்த்து மனம் நிறைந்து, பேச்சுவாக்கில் கேட்டார்.

"என்னம்மா, எல்லாரும் சௌக்கியமா?"

"பரவாயில்ல மொதலாளி" என்றன பன்னிரண்டு வாய்கள், ஒரே குரலில்.

"காலு வலிக்கி" என்றன பன்னிரண்டு வளைகள். "காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கோம். உக்கார ஒரு ஸ்டூல் போடுங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தி என்ன பயன், பேசியது வாயல்லவே. முதலாளி ஆவுடையைப் பார்த்தார். இந்த வில்லங்கத்தைக் கடைக்குள் கொண்டுவந்தவள் அவள்தானே. அவளுடைய வளை மட்டும் ஒன்றும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்து, பழுதாகிவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல மொதலாளி" என்றாள் ஆவுடை, தைத்த நாக்கால், ஒவ்வொரு எழுத்தாக. "எனக்கும் காலு வலிக்கி."