கீழ்மடைத் தண்ணீர்

தேனி கடைவீதியில் ஜேசுராஜுக்கு இரும்புக்கடை. ஆனால் ஆணியும் கீலும் விற்பதைவிட, மனைவி ஜெபஷீலாவின் விசாரணைகளில் மூக்கை நுழைப்பதில்தான் அவருக்கு ருசி அதிகம். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் நாளெல்லாம் யோசித்துச் சொல்வதை இவர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார். என்ன, அது தப்பாக இருக்கும்.

அன்று கடை திறந்த கையோடு, அங்கே இருந்த ஜெபஷீலாவைத் தேடி வந்து நின்றவள் பாண்டீஸ்வரி. ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"அக்கா, எங்க வீட்டுக்காரக வேல்பாண்டி, கண்மாய்ல மடை திறந்து விடுறவுக. கீழ்மடை நாத்தங்கால் பூராம் கருகிப் போச்சு. அவுகதான் உப்பைப் போட்டுட்டாகன்னு சொல்லி மடைச் சாவியப் பிடுங்கிட்டாக. சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல வேற ஆளை வைக்கப் போறாக. அவுக அப்பா பார்த்த வேலை, அக்கா. மனுசன் சோத்துல கையே வைக்கல."

"உப்புன்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஜெபஷீலா.

"வயல்ல வெள்ளையாப் பூத்திருக்கு. நாக்குல வச்சாக் கரிக்குது. விவசாய ஆபீஸ்ல இருந்து வந்து கண்மாய்த் தண்ணிய ஓரத்துல மொண்டு போனாக. நல்ல தண்ணின்னுட்டாக. மேல்மடைப் பயிரும் நல்லாத்தான் இருக்கு. அப்பக் கீழ்மடை வயல்ல யாரோ போட்டதுதானேங்கிறாக. எங்க வீட்டுல உப்பு மூடை வேற இருந்துச்சு."

ஜேசுராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உப்பு மூடையா?"

"தென்னந்தூருக்கு வைக்க வாங்குனதுண்ணே. ஊர்ல எல்லாரும் வைக்கிறதுதான்."

"முதல்ல குத்தம் சொன்னது யாரு?" என்று கேட்டாள் ஜெபஷீலா.

"தங்கப்பாண்டியன். செங்கச் சூளை வச்சிருக்காக. கீழ்மடையில வயலும் உண்டு. முறை மீறித் தண்ணி கேட்டாக, எங்க வீட்டுக்காரக விடல, பெரிய சண்டையாப் போச்சு. அந்தக் கோவத்துல இவுகளே உப்பைப் போட்டாகன்னு சொல்றாக."

காரில் போகும்போதே ஜேசுராஜ் வழக்கை முடித்துவிட்டார். "தங்கப்பாண்டியனேதான் ஷீலா. தன் வயல்லயே உப்பைப் போட்டுட்டு அடுத்தவன் தலையில கட்டுறான்."

"வயலைப் பார்ப்போங்க," என்றாள் அவள்.

கீழ்மடையில் ஒரு நாற்றங்கால்கூடத் தப்பவில்லை. பிஞ்சு நாற்று நுனி பழுத்துச் சுருண்டு கிடந்தது. ஜெபஷீலா குனிந்து குனிந்து பார்த்தாள். எந்த வயலிலும் தண்ணீர் நுழையும் வாய் ஓரம்தான் வெள்ளை கனமாகப் படிந்திருந்தது. உள்ளே போகப் போகக் குறைந்தது.

பிறகு இருவரும் கண்மாய்க் கரைச் சாலையில் நடந்தார்கள். சாலை என்று பெயர்தான், வெறும் செம்மண். சூளையிலிருந்து செங்கல் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, எழுந்த புழுதியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. ஓரத்து எருக்கஞ்செடிகள் மாவில் புரட்டி எடுத்ததுபோல நின்றன. கீழ்மடைக்கு நேர் மேலே, ஒரு மாங்காய்க் கொட்டகை வாசலில் மட்டும் புழுதி இல்லை, எருக்கிலை பச்சையாக இருந்தது. ஆட்டுக்கூட்டம் ஒன்று அங்கே தரையை நக்கிக்கொண்டிருந்தது. ஜேசுராஜின் புதுச் செருப்பு அங்கே சேற்றில் பொதுக்கென்று இறங்கியது.

"கோடை மழை பேஞ்சு எத்தனை நாளாச்சு, இங்கன மட்டும் சேறு," என்று அவர் முனகினார்.

கொட்டகையில் ஊறுகாய் கம்பெனிக்காக மாங்காய் நறுக்கி, உப்புத் தண்ணீர் நிரம்பிய பீப்பாய்களில் போட்டுக்கொண்டிருந்தாள் ஜோதிலட்சுமி. பக்கத்தில் அவள் மகள் திரிஷா, பள்ளிக்கூடம் போகாமல், இன்ஹேலரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். டிராக்டர் சத்தம் கேட்டதும் பிள்ளை பழக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டது. ஜெபஷீலா குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்துக்கொண்டே பீப்பாய்களைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஊர் கரையில் கூடியது. தங்கப்பாண்டியன் கையில் மடைச் சாவி. வேல்பாண்டி தலை குனிந்து தள்ளி நின்றான். ஜெபஷீலா, மூடிய பாட்டிலில் கல்லைக் கட்டி, கண்மாய்க்குள் கீழ்மடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் இறக்கச் சொன்னாள். அடியில் போனதும் மூடியில் கட்டிய கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். பாட்டில் மேலே வந்ததும் தங்கப்பாண்டியனிடம் நீட்டினாள்.

"நாக்குல வச்சுப் பாருங்க."

அவர் வைத்தார். உடனே துப்பினார். "கரிக்குது."

"இப்ப மேல் தண்ணியப் பாருங்க."

அள்ளிப் பார்த்தவர் முகம் மாறியது. "இது நல்லாருக்கே."

"உப்புத் தண்ணி கனம். கலங்காத கண்மாய்ல அடியிலேயே படுத்துக்கிரும். ஆபீஸ்காரங்க மொண்டது மேல் தண்ணி. மேல்மடை வாய் உயரத்துல இருக்கு, அதுக்கும் போறது மேல் தண்ணிதான். கீழ்மடை அடித் தண்ணிய இழுக்குது. வயல்ல யாரும் உப்புப் போடல. போட்டிருந்தா வயல் பூராம் ஒண்ணு போல இருக்கும். வாய் ஓரம் கனமாப் பூத்திருக்குன்னா, தண்ணியோட வந்ததுன்னு அர்த்தம்."

"கண்மாய்க்குள்ள எப்படி வந்துச்சு?" என்றார் தங்கப்பாண்டியன்.

ஜெபஷீலா கணவரின் செருப்பைக் கழற்றச் சொன்னாள். சேறு காய்ந்து விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. "ரோட்டுல இருந்து. ஆடு சும்மா மண்ணை நக்காது. உப்புத் தண்ணி ஊத்துன ரோட்டுல புழுதி எந்திரிக்காது. மழை பேஞ்சப்ப அந்த உப்பெல்லாம் கரைஞ்சு, சரிவுல நேரே மடைப் பள்ளத்துல இறங்கிருச்சு."

ஊற்றியது யார் என்று அவள் சொல்லவில்லை. ஜேசுராஜுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஜெபஷீலா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஜோதிலட்சுமி முன்னால் வந்தாள். "நான்தான். புழுதி வந்தா எம்மகளுக்கு மூச்சு இழுத்துக்கிருது. பீப்பாய்ல மிஞ்சுன உப்புத் தண்ணிய வாசல்ல ஊத்துனேன், புழுதி அமந்துச்சு. பிள்ளை தூங்குச்சு. மண்ணோட போயிரும்னு நெனைச்சேன். இந்த அண்ணன் பழி சுமக்குதுன்னு தெரியும், அது உப்பாலன்னும் தெரியும், என் உப்புன்னு எனக்குத் தோணல."

"புழுதியைக் கிளப்புறது யாரோட டிராக்டர்?" என்றாள் ஜெபஷீலா மெதுவாக.

 தங்கப்பாண்டியனுக்கும் ஊருக்கும் பதில் தெரியும்.  அவர் வேல்பாண்டியிடம் போய்ச் சாவியை நீட்டினார்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. நாளையில இருந்து ரோட்டுக்கு என் டேங்கர்ல நல்ல தண்ணி அடிக்கிறேன். அடித் தண்ணிய நீதான் வயல்ல ஏறாம ஓடைக்கு வடிச்சு விடணும்."

வேல்பாண்டி சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாண்டீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்தினாள். எல்லோரும் அவன் மடைக்கு இறங்குவான் என்று வழி விட்டார்கள். அவனோ ஜோதிலட்சுமியிடம் போய் நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு, தாயி?" என்று கேட்டான்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.