சொந்த முட்டை

சீரிஸ் குறுங்கோளில் கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் போகிற முதல் இடம் கருவங்கி. கோயில், விருந்தெல்லாம் அப்புறம்தான். மாலை வாடுவதற்குள் டோக்கன் போட்டுவிட வேண்டும். அசந்தால் குழந்தை நாலு வருஷம் தள்ளிப் போய்விடும்.

விஷயம் இதுதான். அங்கே அடிக்கிற விண்கதிர் யாருடைய கருமுட்டையையும் விந்தணுவையும் உருப்படியாக விட்டுவைக்காது. மூன்று தலைமுறையாக, பூமியில் முகம் தெரியாத யார் யாரோ தானம் செய்தவைதான் உறைபெட்டியில் கப்பலேறி வருகின்றன. ஊரில் ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தமே கிடையாது. அதற்காக அத்தை, மாமா, நாத்தனார், சீர், சண்டை எதிலும் குறைச்சல் வந்துவிடவில்லை.

நீலவேணி டோக்கன் போட்டு ஒன்பது வருஷம் ஆயிற்று. இரண்டு தடவை கரு வைத்தும் தங்கவில்லை. மூன்றாவது முறை வரிசை வந்தபோது வங்கியில் முட்டை தீர்ந்திருந்தது. அடுத்த கப்பல் வர இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. நாற்பதைத் தாண்டினால் சட்டப்படி கரு வைக்க மாட்டார்கள். வேலைக்குப் பனிச்சுரங்கத்தில் இறங்குகிற மின்தூக்கியில் தினமும் அழுவாள். கதவு திறப்பதற்குள் துடைத்துக்கொள்வாள்.

அப்போதுதான் கருவங்கியின் பேறுகாலப் பொறி ஒரே பரிசோதனையை மூன்று தடவை செய்து பார்த்தது. பொறிகள் அப்படிச் செய்கிற வழக்கமில்லை.

"உங்க சொந்த முட்டையே நல்லா இருக்கும்மா. பதினெட்டு வருஷமா பனிச்சுரங்கத்து அடியில வேலை பார்க்கறீங்க. மேலே இருக்கிற பனி கதிரைத் தடுத்திருக்கு."

நீலவேணிக்குப் புரியவில்லை. "என் முட்டைன்னா, எனக்குள்ளயே இருக்கறதா?"

"ஆமாம்."

"அதை வச்சு எனக்கே குழந்தையா?"

புருஷனும் பெண்டாட்டியும் பேயறைந்த மாதிரி வீடு வந்து சேர்ந்தார்கள். தனஞ்செயன் நல்லவன்தான். ஆனாலும் அவனுக்குத் தலை சுற்றியது.

"வங்கிக் குழந்தைன்னா உனக்கும் எனக்கும் சமம். இது உனக்கு மட்டும் சொந்தமாயிடாதா? அப்ப நான் யாரு?"

"தெரியலையே" என்றாள் நீலவேணி. "விந்தணு வங்கியோடது, முட்டை என்னோடது. எனக்கே ஒண்ணும் புரியலை. இப்படிப் பொறக்கறதைப் பிள்ளைன்னு மனசு ஏத்துக்குமா?"

பிள்ளை வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் சரி என்று சொல்லிவிட்டாள். பொறி முப்பத்திரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆறுதலும் சொன்னது: "பயப்படாதீங்க. சொந்த முட்டையில பொறந்தாலும் அது உங்க குழந்தைதான். தூக்கி வளர்க்க வளர்க்க எல்லாம் மறந்துடும்." பிள்ளை பெரிதானதும் உண்மையை எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று ஒரு கையேடும் கொடுத்தது.

மாமியார் சௌந்தரத்திடம் மூச்சு விடவில்லை. மூன்று தலைமுறையாகச் சுத்தமான வங்கிப் பிள்ளைகள் பிறந்த குடும்பம் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் அவள்.

கரு தங்கியது. சந்தோஷத்தைப் பயம் தின்றது. குழந்தை தன்னைப் போலவே இருந்து தொலைத்தால்? பார்த்த மாத்திரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுமே. நீலவேணி கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. மடியில் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நுனி தூக்கிய மூக்கு, ஒட்டிய காது, இடது பக்கம் மட்டும் விழுகிற கன்னக்குழி. அச்சு அசலாக அவளேதான். துணியை இழுத்து முகத்தை மூடப் பார்த்தாள். அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து மொய்த்துவிட்டார்கள்.

"மூக்கைப் பாரு, அப்படியே எங்க வீட்டுக்காரர்" என்றாள் சௌந்தரம்.

"காது நம்ம பெரிய நாத்தனாருது" என்றாள் சின்ன மாமியார்.

"தனாவுக்கும் பொறந்தப்ப இதே குழி இருந்துச்சே" என்றார் பெரியப்பா. தனஞ்செயனுக்குக் குழியே கிடையாது. அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இருந்திருக்கும் என்று தலையாட்டினான்.

குழந்தை வீறிட்டது. "இந்தப் பிடிவாதம் மட்டும் அவங்க அம்மா" என்றாள் சௌந்தரம்.

தப்பித்தோம் என்று நீலவேணி நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்காவது கண் தெரியவில்லையே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"அது என் மூக்கு, அத்தை." குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "காதும் என்னோடது. குழியும் என்னோடது. இது வங்கி முட்டை இல்லை. என் சொந்த முட்டை."

எல்லோரும் சௌந்தரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சௌந்தரம் சிரித்தாள். கிண்டலாக இல்லை, பரிவாகத்தான். மருமகளின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பெத்த களைப்பும்மா. தனா பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் தோணிச்சு. என்னையே உரிச்சு வச்சிருக்கான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் மாமியார் காதிலயே போட்டுக்கலை. அது அவங்க வீட்டு முகமாம். அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாசலில் அடுத்த கூட்டம் வந்து நின்றது.

"வாங்க, வாங்க" என்றாள் சௌந்தரம். "வந்து பாருங்க, அப்படியே எங்க வீட்டு மூக்கு."