சீல் உடையாத மருந்து

மருந்து காணாமல் போயிருந்தது. குப்பி இருந்தது, மூடி இருந்தது, மூடியின் மேல் சீலும் இருந்தது. உள்ளே இருந்த மருந்துக்குத்தான் வீரியம் இல்லை. இப்படி ஒரு திருட்டை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? எத்தனையோ திருட்டைப் பார்த்த இன்ஸ்பெக்டர் சகுந்தலாவே கேள்விப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் மேட்டுக்கழனி கிராமம். துணை சுகாதார நிலையத்தின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்றவள் முனியம்மா. நாற்று நடுகிற கை, நியாயம் கேட்கிற வாய். இரண்டும் ஓயாது.

"தண்ணி ஊசிய போட்டு ஏமாத்திட்டாம்மா! மருந்த வித்துத் துன்னுட்டா! மொத ஆளா கைய நீட்டுனவ நானு. எனக்கே நாமம் போட்டுட்டா பாரு!"

உள்ளே நாற்காலியில் நர்ஸ் ரேணுகா அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே டாக்டர் ஹரிசங்கர். கேளம்பாக்கத்து ஆய்வு மையத்திலிருந்து இந்த மருந்துச் சோதனையைக் கவனிக்கிறவர். போலீசில் புகார் கொடுத்தவரும் அவரே.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் வயல் தண்ணீரில் நிற்கிறவர்களைப் பிடிக்கும் எலிக்காய்ச்சலுக்கு ஒரு புதுத் தடுப்பூசி. விலங்குகளுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. பிறகு சில மனிதர்களுக்குப் போட்டு, ஆபத்தில்லை என்றும் உறுதி செய்தாயிற்று. இப்போது ஊர் ஊராகப் போட்டு, உடம்பு நோயை எதிர்த்து நிற்குமா என்று பார்க்கிற கட்டம். மற்ற ஊர்களில் ரத்தப் பரிசோதனை பிரமாதமாக வந்திருந்தது. மேட்டுக்கழனியில் மட்டும், சொல்லி வைத்தாற்போல், ஒருவர் ரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி இல்லை.

"டாக்டர், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஊசி போட்டா உள்ளே என்ன நடக்கும்?" என்று கேட்டாள் சகுந்தலா.

"செத்த கிருமியைத்தான் போடறோம் மேடம். அதால நோய் வராது. ஆனா உடம்போட காவல்காரங்க அதைப் பார்த்து அடையாளம் வெச்சுக்குவாங்க. பின்னாடி நிஜக் கிருமி வந்தா, நுழையும்போதே பிடிச்சுடுவாங்க."

"எங்க ஸ்டேஷன்ல தேடப்படும் ஆசாமி போட்டோ ஒட்டறோமே, அது மாதிரியா?"

"அதேதான். ஆனா செத்த கிருமியைக் காவல்காரங்க அவ்வளவா கண்டுக்க மாட்டாங்க. அதனால அலுமினியம் கலந்த வெள்ளைத் தூள் ஒண்ணு சேர்க்கறோம். அது கிருமியைப் பிடிச்சு நிறுத்தி, காவலுக்கு ஆள் கூப்பிடும். மருந்து பால் மாதிரி இருக்கிறது அந்தத் தூளாலதான். இந்த ஊர்ல யாருக்கும் அது உள்ளே போகலை. வெறும் தண்ணிதான் போயிருக்கு. சந்தேகமே இல்லை."

"சாயங்காலத்துக்குள்ள அரெஸ்ட் பண்ணணும்னு மேலிடத்து உத்தரவு. ஆனா எனக்குச் சந்தேகம் இருக்கு," என்று சகுந்தலா ரேணுகாவின் பக்கம் திரும்பினாள். "குப்பியைத் திறந்தது யாரு?"

"நான்தான் மேடம். ஒவ்வொண்ணையும் எல்லார் கண்ணெதிர்லயும்தான் உடைச்சேன்."

"சாட்சி?"

வாசலில் இருந்தே முனியம்மாவின் குரல் வந்தது. "உடைச்சா. அத்த நான் பார்த்தேன். கோவம் வேற, பொய் வேற."

"ஊசியில ஏத்தும்போது மருந்து எப்படி இருந்துச்சு?"

"நல்லா குலுக்கி உடனே ஏத்தினேன் மேடம். வெள்ளையாத்தான் இருந்துச்சு." ரேணுகா வாசல் கூட்டத்தைப் பார்த்தாள். "வூடு வூடா போய், பயப்படாதீங்கன்னு சொன்னவ நான். இனிமே இந்த ஊர்ல ஒரு குழந்தைய என் கையில குடுப்பாங்களா?"

வேலை போனாலும் வேறு வேலை கிடைக்கும். போன பேரை எங்கே போய் வாங்குவது? சகுந்தலா எழுந்து, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த மூன்று குப்பிகளை வெளியே எடுத்தாள். சீல் பத்திரமாக இருந்தது. ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

"ஐயோ மேடம்!" டாக்டர் பதறினார்.

"வெளியே இருக்கிறதுதான் டாக்டர். சாக மாட்டேன். மருந்து வந்த பெட்டி எங்கே?"

பெட்டி டாக்டர் வந்த ஜீப்பில் இருந்தது. ஜீப்பின் டிரைவர் துரை ஓடிவந்து திறந்து காட்டினான். மூடியின் உட்புறம் ஒரு வெப்பமானி தொங்கியது. சகுந்தலா குனிந்து மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். கவிச்சி நாற்றம்.

"மருந்து கொண்டுவந்த அன்னிக்கு வழியில நின்னியா?"

"பூஞ்சேரி கிட்ட வண்டி படுத்துகிச்சு மேடம். செம பேஜாரு! வெயிலு மண்டைய பொளக்குது, பொட்டில கீற ஐஸு உருகிகினு போவுது. ஆனா நான் உடுவனா? ஜில்லுன்னு கொணாந்து சேத்தேன். எடுத்துக் குடுக்கசொல்ல கையே மரத்துப் போச்சு. சூடு ஏறுனா மூடில தொங்குற மீட்டரு கத்தும். அது ஒரு தபா கூட கத்தல."

"இதுக்கு முன்னாடி என்ன வண்டி ஓட்டின?"

"கொக்கிலமேட்டுலேர்ந்து மீன் லோடு மேடம்." அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சகுந்தலா கேளம்பாக்கத்துக்குப் போன் போடச் சொன்னாள். மற்ற ஊர்களுக்குப் போன அதே மருந்தில் ஒரு குப்பி வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்கு அது வந்தது. சகுந்தலா அதை ஒரு கையிலும், மேட்டுக்கழனிக் குப்பியை இன்னொரு கையிலும் வைத்து நன்றாகக் குலுக்கி, மேஜைமேல் வைத்தாள். இரண்டும் வெள்ளையாகத்தான் தெரிந்தன.

"எல்லாரும் டீ குடிங்க."

டீ முடிந்தபோது கேளம்பாக்கத்துக் குப்பி இன்னும் பாலாகவே இருந்தது. மேட்டுக்கழனிக் குப்பியில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் திரிந்த பாலைப் போலத் திப்பி. டாக்டரின் முகம் வெளுத்தது.

"உறைஞ்சிருக்கு! உறைஞ்சா அந்தத் தூள் கட்டிகட்டியாப் போயிடும். அப்புறம் காவலுக்கு ஆள் கூப்பிடாது. ஆனா உறைய வாய்ப்பே இல்லையே மேடம். ஐஸை உருக ஆரம்பிச்ச பிறகுதான் பெட்டியில வைக்கிறோம்."

"வெறும் ஐஸா இருந்தா உறையாது. துரை, மீன் பெட்டியில ஐஸோட வேற என்ன போடுவ?"

துரை யோசிக்கவே இல்லை. "கல்லுப்பு. அப்பத்தான் மீனு மறுநாள் வரிக்கும் வெறச்சு நிக்கும். அன்னிக்கும் மீன் ஏலம் உடற எடத்துல..." பாதியில் வாய் நின்றது.

"அங்கேயே நொறுக்கின ஐஸும் கல்லுப்பும் வாங்கி மருந்தைச் சுத்திக் கொட்டின. பெட்டியில அடிக்கிற கவிச்சி அதுதான். உப்பு சேர்ந்தா ஐஸோட குளிர் இன்னும் கீழே இறங்கும். மீனுக்கு அது நல்லது, இந்த மருந்துக்கு அதுதான் எமன். குளிர் அடியில, மீட்டர் மூடியில. அதுவும் சூட்டுக்குத்தான் கத்தும். காகிதத்துல காய்ஞ்சிருந்தது உப்பு, நாக்கு கரிச்சுது. டாக்டர், இங்கே திருடன் யாரும் இல்லை. மருந்து குப்பிக்குள்ளேயே செத்துப்போச்சு. குற்றவாளி கல்லுப்பு. அதைக் கொட்டினது துரையோட நல்லெண்ணம்."

"நல்லதுன்னுதானே மேடம் செஞ்சேன்!" துரை தரையில் உட்கார்ந்துவிட்டான். "போட்டுகினவங்களுக்கு எதுனா ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது," என்றார் டாக்டர். "எல்லாரையும் சோதிச்சாச்சு. யாருக்கும் கெடுதல் இல்லை. மருந்து மேலயும் குத்தமில்லை." அப்பாடா என்று மூச்சு விட்டவர், எழுந்து ரேணுகாவின் முன்னால் போய் நின்றார். "என்னை மன்னிச்சுடும்மா. குலுக்கிக் கொஞ்ச நேரம் வெச்சுப் பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். பார்க்காம உன் மேல பழி போட்டுட்டேன்."

புகார் அன்று மாலையே வாபஸ் ஆயிற்று. ஆனாலும் மறுபடி ஊசி போட அனுமதி வந்த நாளில் ரேணுகா பயந்துகொண்டேதான் வாசலைத் திறந்தாள். வந்தவள் முனியம்மா ஒருத்திதான். கையை நீட்டினாள், போட்டுக்கொண்டாள், போய்விட்டாள். மற்றவர்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் முனியம்மா சண்டைக்கு வருகிற நடையில் வந்தாள்.

"ஏய் ரேணுகா! இன்னாடி போட்ட? கையத் தூக்க முடியல. தொட்டா கொதிக்குது!"

ரேணுகா தொட்டுப் பார்த்தாள். லேசான வீக்கம், நல்ல சூடு. "வலிக்குதாக்கா? நெஜமாவா?" என்று கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நாளைக்குச் சரியாயிடும்க்கா. காவலுக்கு ஆளுங்க வந்து கூடிட்டாங்க, அதான் வலி. மருந்து வேலை செய்யுது!"

முனியம்மா வீங்கிய கையைத் தானும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாசலுக்குப் போய், தெருவே அதிரக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வாங்கடி! ரேணுகா என் கைய தொட்டுப் பார்த்துட்டா. நெஜ மருந்துதான், உசுரு போற மாதிரி வலிக்குது!"