புங்கமரத்தோடு நின்றவன்

"சச்சிபோயினாடு...! ஐயோ, செத்துக் கிடக்கிறான்...!"

புல் அறுக்க வந்த நாகம்மா தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாக அலறினாள்.

1955. பாகலூர் தாண்டி எல்லைக்கல். அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியம். இந்தப் பக்கம் சென்னை ராஜ்ஜியம், மதுவிலக்கு.

கல்லுக்கு இந்தப் பக்கம் நாலடி தள்ளிக் கரியப்பன் குப்புறக் கிடந்தான். இடுப்பைச் சுற்றிச் சைக்கிள் டியூப். டியூப் நிறைய அந்தப் பக்கத்துச் சாராயம். பின்மண்டையில் ஒரே அடி!

இன்ஸ்பெக்டர் முனீர் அகமது குனிந்து பார்த்தார்.

"லத்தி அடி மாதிரிதான் இருக்கு..."

நிமிர்ந்தார்.

"நேத்து சாயங்காலம் இவனை விரட்டினது யாரு?"

"நான்தாங்க ஐயா," என்றான் கான்ஸ்டபிள் முனிவேல்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதின?"

"எல்லைக்கல்லு வரைக்கும் விரட்டினேன்... அந்தாண்ட தாண்டிட்டான்னு..."

"அந்தாண்ட தாண்டினவன் இந்தாண்ட கிடக்கான்! திரும்பி வந்து செத்தானா?"



'அந்தாண்ட தாண்டிட்டான்.' ஆளைக் கோட்டைவிட்ட எல்லாரும் அந்த ஸ்டேஷனில் எழுதுகிற வாக்கியம் அது. காலில் முள் குத்தினாலும் அதே. மூச்சு வாங்கினாலும் அதே. யாரும் கேள்வி கேட்டதில்லை.

இன்றுவரை!

ஏட்டு மாதப்பன் முன்னால் வந்தார். முனிவேல் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவர்.

"நான் நேத்து கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போயிட்டேங்க ஐயா. ஊர்ல இல்ல. ஆனா நம்ம முனிவேலு ஆளை அடிச்சுக் கொல்றவன் இல்லீங்க."

"ஜில்லா போலீஸ் ஓட்டத்துல ரெண்டு தடவை கப்பு வாங்கினவன்யா இவன்!" என்றார் இன்ஸ்பெக்டர். " டியூப்பு கட்டின ஆளை எட்டிப் பிடிக்கலைன்னா யார் நம்புவா? பிடிச்சிருக்கான். கோபத்துல போட்டுட்டான்."

முனிவேல் தரையைப் பார்த்தான்.

நேற்று அவன் கல்லை எட்டவே இல்லை. பாதி வழியில், புங்கமரத்தருகே, நெஞ்சு நொண்டியடித்தது. இரண்டு துடிப்பு... ஒரு வெறுமை... பிறகு கூடைக்குள் அகப்பட்ட கோழி போலப் படபடப்பு! ஆறு மாதமாக இப்படித்தான்.

சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். 'பயப்படாத. நடக்கலாம், வேலை செய்யலாம். ஆனா துள்ள ஆரம்பிச்சா உக்காந்துடணும். வீம்புக்கு ஓடினா நான் பொறுப்பில்ல.'

உட்கார்ந்துவிட்டான். கப்பு வாங்கியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு! கண்ணெதிரே கரியப்பன் மேடேறி மறைந்தான்.

மனைவி ராஜாத்தியிடம்கூட அவன் சொன்னதில்லை. சொன்னால் மெடிக்கல் போர்டு. யூனிபாரம் போகும். பிள்ளைகள்கூடக் கேலி பேசும்.

சொல்லாவிட்டால்... தூக்குக் கயிறு!

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?" இன்ஸ்பெக்டர் ரோட்டைக் காட்டினார். "அங்கேருந்து ஓடி வா. நேத்து எப்படி ஓடினியோ அப்படி!"

கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. ரோட்டருகே நின்றவன் பெல்ட்டை இறுக்கினான். நேற்றைப் போலப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் கொலைப் பழியிலிருந்து தப்பிக்கலாம். அவனுக்கே தெரியும்.

ஓடினான்!

"குதிரைடா, குதிரை!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

அந்த வார்த்தை போதும். புங்கமரம் நெருங்கியது. நெஞ்சு நொண்டியது. உட்கார்... உட்கார்...

முடியாது. இத்தனை கண்களுக்கு முன்னால் முடியாது!

மரத்தைத் தாண்டினான். உதடு கறுத்தது. கல் இரண்டாகத் தெரிந்தது.

"டேய் முனிவேலு! நில்லுடா!" மாதப்பன் எதிரே பாய்ந்து வந்தார். "செத்துப் போயிடுவடா! உக்காரு! நேத்து அந்தப் புங்கமரத்தடியில உக்காந்த இல்ல... அந்த மாதிரி உக்காருடா!"

முனிவேல் மடிந்து விழுந்தான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் மாதப்பனைப் பார்த்தார்.

"ஏட்டு... கிருஷ்ணகிரி கோர்ட்டு ஜன்னல்லேருந்து பாத்தா பாகலூர் புங்கமரம் தெரியுதா?"

மாதப்பன் கையிலிருந்த லத்தி கீழே விழுந்தது.

"சரக்கு என்னுதுங்க ஐயா..."

"சொல்லு."

"பத்திரமா வருதான்னு கல்லுகிட்ட மேட்டு மறைவுல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இவன் விரட்டினான். அப்புறம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். கரியப்பன் மூச்சிரைக்க என்கிட்ட வந்து, 'அடுத்த தடவை மாட்டினா உன் பேரைத்தான் முதல்ல சொல்லுவேன்'னான். கையில லத்தி இருந்துச்சு..."

முனிவேல் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். நெஞ்சு தடுமாறித் தடுமாறி வழிக்கு வந்துகொண்டிருந்தது.

"ஏட்டண்ணே... வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா தப்பிச்சிருப்பீங்களே?"

"நீ போயிருப்படா. ஒருத்தன் போனது பத்தாதா?"

விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். கூட்டம் முனிவேலைச் சுற்றி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. நாகம்மா மட்டும் செம்பில் தண்ணீர் நீட்டினாள். அவனால் முகம் தூக்கி வாங்க முடியவில்லை. ஒரு கொலைகாரன்கூட அவனைவிடச் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிட்டான்!

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் குந்தினார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமாங்க." தலை நிமிராமலே கேட்டான். "வேலை போயிடுமாங்க ஐயா?"

"ஓடுற வேலை போயிடும். உக்காந்து எழுதுற வேலை போட்டுக் குடுக்கலாம்னு பாத்தா..."

முனிவேலின் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"உன் நெஞ்சைவிட உன் எழுத்துதான்டா ரொம்பத் தாளம் தப்புது!"