மிச்ச இடம்

மடிக்கணினியின் திரை உயரம் ஆயிரத்து எண்பது புள்ளி. ஓர் எழுத்துக்குப் பதினாறு. அறுபத்தேழு வரிகள் போக, அடியில் எட்டுப் புள்ளி மிஞ்சும். ஒரு வரிக்குக்கூடப் பற்றாத அந்தக் கீற்று வெறும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அதில் சாம்பலாக ஏதோ படுத்திருந்தது.

தம்பி பனியன் நுனியால் துடைத்தான். போகவில்லை.

இரவுப் பணி முடிந்து காலையில் வந்த அக்கா, தூங்கப் போகுமுன் திரையை எட்டிப் பார்த்திருந்தாள்.

"என்னடா, எறும்பு ஊருது? இதப் படிச்சா சீக்கிரம் குச்சி ஊனிட்டுதான் நடப்ப."

"பெருசாக்கத்தான் போறேன். நீ தூங்குக்கா."

"சத்தம் வந்துச்சு, நரம்புகூடத் தேட மாட்டேன். ஊசி போட்டுருவேன்."

நர்ஸ் சொன்னால் செய்வாள். ஜன்னலெல்லாம் இழுத்து மூடிய நண்பகல் இருட்டில், பினாயில் வாசம் மாறாத அவள் சீருடை ஆணியில் தொங்க, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குறட்டை மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

முப்பத்திரண்டு புள்ளி எழுத்துருவை ஏற்றினான். பழையதற்கு நகல் எடுத்து வைக்கவில்லை. அது கணினி படிக்கும் அவன் வகுப்புப் பையன்களுக்கே உரிய வீரம். இப்போது முப்பத்துமூன்று வரிகள். மிச்சம் இருபத்துநான்கு புள்ளி.

அதுவும் வளர்ந்திருந்தது. ஒருக்களித்த உடம்பு. மடக்கிய முழங்கால். படிக்கட்டு போன்ற விளிம்புகள். அக்காவின் குறட்டை ஏறும்போது அதன் விலா ஏறியது. இறங்கும்போது இறங்கியது.

பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினான். வரிகள் அணைந்தன. அது அணையவில்லை.

"வாடகை குடுக்காம என் மெஷின்ல படுக்கையா?"

மீண்டும் இயக்கினான். இந்த முறை முப்பது புள்ளி எழுத்துரு. ஆயிரத்து எண்பதை முப்பதால் வகுத்தால் முப்பத்தாறு. மீதி பூஜ்யம். படுக்க இடமே இருக்காது.

ஏற்றினான். முப்பத்தாறு வரிகள், விளிம்போடு விளிம்பாக. சுத்தம்.

"போடா" என்றான் திரையிடம்.

குறட்டை நின்றது.

பிறகு வந்தது. இரண்டாக.

பழைய எழுத்துருக்கள் இரண்டையும் தேடினான். இல்லை. அது படுக்கத் திருப்பிக் கொடுக்க அந்தக் கீற்றும் இல்லை. எழுந்தான். கதவைத் தள்ளினான்.

ஒரே போர்வைக்குள், அக்காவுக்கு எதிரே, முழங்காலை மடக்கி அது படுத்திருந்தது. அதன் உடம்பின் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக, தீப்பெட்டி அளவு.

"எழுந்திரு. அது எங்கக்கா போர்வை."

எழவில்லை. அவன் அக்காவின் மணிக்கட்டைப் பற்றினான். விடப்போவதில்லை.

அதன் முகம் மேலிருந்து வரி வரியாக நிரம்பிக்கொண்டிருந்தது. அக்காவின் நெற்றி. அக்காவின் புருவம். அவன் கைப்பிடிக்குள் இருந்தவளின் முகம் அதே வேகத்தில், மேலிருந்து, வரி வரியாக, கறுப்பாகிக்கொண்டிருந்தது.